சாகாத பிள்ளைகளின் கணக்கு

குடும்பநல உத்தியோகத்தராக நான் வேலை செய்த 28 ஆண்டுகளில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, நீங்கள் அப்படி என்னதான் வேலை செய்கிறீர்கள் என்பதுதான். கேட்டவர்கள் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆசுப்பத்திரியில் டொக்டர் ஊசி போடுகிறார், காய்ச்சலோடு போனவர் எழும்பி வருகிறார். அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. நான் சைக்கிளில் பையைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்கு வீடு போவேன். பிள்ளையின் நிறையைப் பார்ப்பேன், கிணற்றடியைப் பார்ப்பேன், தாயோடு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வருவேன். அந்த மாதம் அந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வராவிட்டால் அதை ஒருவரும் கவனிப்பதில்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்?

2009இல் போர் முடிந்தபோது நானும் மற்றவர்களைப் போலவே செட்டிகுளம் முகாமில் ஒரு தரப்பாள் கூடாரத்தில் இருந்தேன். எங்கள் வரிசையில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஒருவரும் என்னை எழுதச் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு தாய் பெயர் சொல்ல மறுத்துவிட்டா. அவவில் பிழையில்லை. பெயர் எழுத ஒருவர் வந்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அறிந்த மக்கள் நாங்கள். பதிவு என்ற சொல்லே எங்களுக்குப் பயம் தந்தது. ஆனாலும் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அந்த எண்ணம் எனக்கு ஒரு கதையிலிருந்து வந்தது. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு ஆசிரியை, நூறு ஆண்டுகளுக்கு முன் நியூயோர்க் நகரச் சுகாதாரத் திணைக்களத்தில் வேலை செய்த ஒரு பெண் வைத்தியரைப் பற்றிச் சொல்லியிருந்தா. அவரின் பெயர் சாரா ஜோசபின் பேக்கர்.

பேக்கர் 1873இல் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள போகீப்சி என்ற ஊரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு 16 வயதாக இருந்தபோது தகப்பன் நெருப்புக்காய்ச்சலில் இறந்துபோனார். தம்பியும் முன்பே இறந்திருந்தான். படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி குடும்பச் செலவுக்குத் தேவைப்பட்ட நிலையில், தான் வைத்தியராகி வீட்டைத் தாங்கப் போவதாக அந்தப் பெண்பிள்ளை சொன்னபோது உறவினர்கள் அதிர்ந்துபோனார்கள். அவர் பின்வாங்கவில்லை. நியூயோர்க்கில் பெண்களுக்கென இருந்த மருத்துவக் கல்லூரியில் படித்து 1898இல் வைத்தியரானார். அங்கே அவர் சித்தியடையத் தவறியது ஒரேயொரு பாடத்தில்தான். அது நோயில்லாத, சாதாரணமான பிள்ளையை வளர்ப்பது பற்றிய பாடம். அதை மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் வாழ்க்கை முழுவதும் செய்தது அந்தப் பாடத்தைத்தான்.

பொஸ்டனில் பயிற்சி முடித்து நியூயோர்க்கில் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். முதல் ஆண்டு முழுவதும் கிடைத்த வருமானம் 185 டொலர். பெண் வைத்தியரிடம் போக ஆட்கள் தயங்கினார்கள். வருமானத்துக்கு வேறு வழி தேடித்தான் 1901இல் அரச பரீட்சை எழுதி, நகரச் சுகாதாரத் திணைக்களத்தில் மாதம் 30 டொலருக்குப் பகுதிநேரப் பரிசோதகராகச் சேர்ந்தார். சேவை மனப்பான்மையால் வந்ததாக அவர் ஒருபோதும் நடிக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அவரில் ஒரு நெருக்கம் ஏற்பட்டது. நானும் வீட்டில் அரசாங்க வேலை ஒன்று தேவைப்பட்டதால்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.

அந்தத் திணைக்களம் அப்போது நல்ல நிலையில் இருக்கவில்லை. நகர நிர்வாகம் டம்மனி ஹோல் என்ற அரசியல் கூட்டத்தின் பிடியில் நீண்டகாலம் இருந்தது. வேலைகள் வேண்டியவர்களுக்குப் பங்கிடப்பட்டன. பாடசாலைகளில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய பரிசோதகர்களில் பலர் பேருக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள். ஒழுங்காகப் பார்த்தவர்களாலும் பயன் அதிகம் இருக்கவில்லை. தொற்றுநோய் உள்ள பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளை பின்னேரம் அதே வகுப்புப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும். பேனுக்கும் கண்நோய்க்கும் மருந்து கட்ட வீட்டில் ஆளில்லை. வகுப்பறைகள் வெறுமையாகின, நோய் குறையவில்லை.

1902இல் லில்லியன் வோல்ட் என்ற சமூக சேவகியின் முயற்சியால் லீனா ரோஜர்ஸ் என்ற தாதி பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார். அவர் பிள்ளையின் பின்னால் வீட்டுக்கே போனார். தாய்க்கு மருந்து போடும் விதத்தைக் காட்டினார். பிள்ளைகள் மீண்டும் பாடசாலைக்கு வந்தார்கள். கட்டளை எழுதிக் கொடுப்பதற்கும் வாசலைத் தாண்டி உள்ளே போவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் திணைக்களம் அப்போதுதான் கண்டது.

பேக்கருக்குக் கிடைத்த பகுதிகளில் ஒன்று ஹெல்ஸ் கிச்சன். வறிய குடியேற்றவாசிகள் நெருக்கமாக வாழ்ந்த அடுக்குமாடிச் சேரி அது. கோடை வெயிலில் மாடிமேல் மாடியாக ஏறி, நோயுற்ற கைக்குழந்தைகளைத் தேடுவது அவருடைய வேலை. பால் கெட்டுப்போகும், வயிற்றோட்டம் வரும், பிள்ளை இரண்டு நாளில் காய்ந்துபோகும். அந்த நாட்களின் கோடையில் நியூயோர்க் நகரில் வாரத்துக்கு 1,500 வரையான குழந்தைகள் இறந்ததாக அவர் பின்னர் எழுதினார். அவரை அதிகம் உலுக்கியது தாய்மாரின் முகம். கோடை வந்தால் குழந்தைகள் சாகத்தான் செய்யும் என்று அவர்கள் பழகிப்போயிருந்தார்கள். சாவுக்குப் பழகிய மக்களின் அமைதி எப்படியிருக்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

திணைக்களம் அதிகாரத்தோடு நுழைந்தால் என்ன நடக்கும் என்பதையும் அவர் கண்டார். பெரியம்மை பரவியபோது பவரி தெருவின் மலிவுத் தங்குமிடங்களில் நள்ளிரவில் போய், படுத்திருந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டார். 1907 மார்ச்சில் மேரி மலன் என்ற அயர்லாந்துச் சமையற்காரியிடம் அனுப்பப்பட்டார். மேரிக்கு நோய் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் சமைத்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நெருப்புக்காய்ச்சல் வந்திருந்தது. பரிசோதனைக்கு மாதிரி கேட்டுப் போன பேக்கரை மேரி மறித்து அனுப்பிவிட்டார். அடுத்த தடவை பொலிஸாரோடு போனபோது சமையலறை முள்ளுக்கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்து, பிறகு ஓடி மறைந்தார். மணிக்கணக்கில் தேடினார்கள். ஒரு கதவிடுக்கில் நீலத்துணியின் நுனி தெரிந்ததால் ஒளிந்திருந்த இடம் அகப்பட்டது. திமிறிய மேரியை அம்புலன்ஸில் ஏற்றி, ஆசுப்பத்திரி வரை அவர்மேல் உட்கார்ந்தபடியே பேக்கர் போனார்.

பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியானது. மேரி நோர்த் பிரதர் தீவில் அடைத்துவைக்கப்பட்டார். 1910இல், இனிச் சமைக்கமாட்டேன் என்ற உறுதிமொழியோடு விடப்பட்டார். வேறு தொழிலில் அவருக்குச் சமையலுக்குரிய சம்பளம் கிடைக்கவில்லை. தன்னிடம் நோய் இருப்பதையும் அவர் கடைசிவரை நம்பவில்லை. 1915இல் வேறு பெயரோடு ஒரு மகப்பேற்று ஆசுப்பத்திரியில் சமைத்துக்கொண்டிருந்தபோது அங்கே 25 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். மீண்டும் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவரைப் போலக் கிருமியைக் காவிய வேறு பலர் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டபோதும் அவர்கள் அப்படி அடைத்துவைக்கப்படவில்லை.

பேக்கரின் தகப்பனைக் கொன்றது அதே நோய். அவருக்கு மேரியில் கோபம் வந்திருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் மேரியின் பக்கத்தையும் விளங்கிக்கொண்டதாகவே அவர் எழுதினார். இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு எப்போதும் மனம் இரண்டாகும். இரண்டு பேர் இறந்தது உண்மை. ஒரு பெண்ணைச் சீருடையோடு வந்து தூக்கிக்கொண்டு போனால், அதன் பிறகு அவள் எந்தச் சுகாதார உத்தியோகத்தரை நம்புவாள் என்ற கேள்வியும் உண்மை.

அடுத்த ஆண்டு, 1908 கோடையில், பேக்கர் வேறு வழியில் போனார். பாடசாலை விடுமுறையில் வேலையின்றி இருந்த 30 தாதிகளைக் கேட்டு வாங்கினார். லோவர் ஈஸ்ட் சைட்டில் இத்தாலியக் குடியேற்றவாசிகள் நெருங்கி வாழ்ந்த, குழந்தை இறப்பு மிக அதிகமான ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்தார். முதல் நாள் பதிவான பிறப்புகளின் பட்டியல் ஒவ்வொரு நாளும் எடுக்கப்பட்டது. பெயரும் முகவரியும் தாதியின் கையில் இருக்கும். தாதி உடனேயே அந்த வீட்டுக்குப் போவார். பிள்ளை அப்போது சுகமாகத்தான் இருக்கும். தாய்ப்பாலே கொடுங்கள், யன்னலைத் திறவுங்கள், தினமும் குளிக்கவாருங்கள், வெயில் நாளில் மெல்லிய உடுப்புப் போடுங்கள், வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிக்கொடுப்பார். மருந்து இல்லை, தண்டம் இல்லை, பொலிஸ் இல்லை. சில நாளில் திரும்பவும் போவார்.

கோடை முடிந்து கணக்குப் பார்த்தபோது, முந்திய ஆண்டை விட அந்தப் பகுதியில் 1,200 குழந்தை இறப்புகள் குறைந்திருந்தன. நகரின் மற்றப் பகுதிகளில் நிலைமை பழையபடியே இருந்தது. ஒப்பிட முடிந்ததால்தான் அது திணைக்களத்தில் எடுபட்டது. நிகழாத சாவைக் காட்ட வேறு வழியில்லை. பக்கத்துத் தெருவில் நிகழ்ந்த சாவோடு சேர்த்து வைத்துத்தான் காட்ட முடியும்.

அந்தக் கணக்கைக் கொண்டு 1908இலேயே சிறுவர் சுகாதாரப் பிரிவு உருவானது. குழந்தைகளை நோயின்றி வைத்திருப்பதற்கென்றே ஓர் அரச அமைப்பு அதற்கு முன் அமெரிக்காவில் இருந்ததில்லை. பேக்கர் அதன் பணிப்பாளரானார். அவருக்குக் கீழ் வேலை செய்ய நியமிக்கப்பட்ட ஆறு ஆண் வைத்தியர்களும் பெண்ணின் கீழ் வேலை செய்யமாட்டோம் என்று விலக வந்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள், பிறகு போகலாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மாதம் முடிந்தது. ஒருவரும் போகவில்லை. அவர் ஆண்களைப் போலக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வேலைக்கு வந்தார். கூட இருந்தவர்கள் தன்னைப் பெண் என்று நினைக்காமலிருக்க அது உதவியதாகப் பின்னர் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிரிவு செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். நல்ல பால் மலிவாகக் கிடைக்கும் நிலையங்களை நகரம் திறந்தது. பிறந்த பிள்ளையின் கண்ணில் விடும் சில்வர் நைத்திரேற்று மருந்து, போத்தலில் கிடந்து செறிவு கூடிப் பிள்ளைகளின் கண்ணைப் பாதித்தது. ஒரு தடவைக்குரிய அளவை மட்டும் தேன்மெழுகுக் குளிகையில் அடைத்து அதைத் தீர்த்தார்கள். தலைவழியாக இழுக்காமல் முன்பக்கம் திறக்கும் குழந்தை உடுப்பை அவர் வடிவமைத்தார். தாய்மார் தொழிற்சாலைக்குப் போனதால் தம்பி தங்கையைத் தூக்கித் திரிந்த அக்காமாருக்கு, சின்னத் தாய்மார் கழகங்கள் அமைத்துப் பிள்ளை பராமரிப்பைப் படிப்பித்தார்கள். மருத்துவிச்சிகளை ஒழிக்க வேண்டும் என்று வைத்தியர்களில் பலர் கேட்டார்கள். குடியேற்றவாசித் தாய்மார் ஆண் வைத்தியரை வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று பேக்கருக்குத் தெரியும். ஆகவே மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் கொடுக்கும் வழியை எடுத்தார். நாங்கள் எங்கள் கிராமங்களில் செய்துவந்த வேலையின் பழைய வடிவம் அது.

கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தமான கட்டிலும் பயிற்சி பெற்ற தாதிகளும் இருந்த நிலையங்களில் அநாதைக் குழந்தைகள் கூட்டமாக இறந்தார்கள். சேரியில் தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை பிழைத்தது. பேக்கர் அந்தக் குழந்தைகளைச் சேரித் தாய்மாரிடமே வளர்க்கக் கொடுத்துப் பார்த்தார். சாவு குறைந்தது. தூக்கி அணைக்க ஆள் வேண்டும் என்பதைத் திணைக்களம் தன் செலவுக் கணக்கில் எழுதிய நாள் அது. போருக்குப் பிறகு பேரப்பிள்ளைகளைத் தாங்களே வளர்த்தெடுத்த எங்கள் அம்மம்மாமாருக்கு இதை ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் நடந்தபோது எதிர்ப்பும் வளர்ந்தது. புரூக்ளினைச் சேர்ந்த 30க்கும் அதிகமான வைத்தியர்கள் அந்தப் பிரிவை மூடும்படி நகர முதல்வருக்கு மனுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சுகமாக இருப்பதால் தங்களிடம் வருவோர் குறைந்துவிட்டார்கள் என்பதே அவர்களின் முறைப்பாடு. பேக்கர் அந்த மனுவைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

1916இல் ஒரு பல்கலைக்கழகம் சிறுவர் சுகாதாரம் பற்றி விரிவுரை செய்ய அவரை அழைத்தது. அங்கே பொதுச் சுகாதாரக் கலாநிதிப் பட்டத்துக்குத் தன்னையும் படிக்க விட்டால் வருவதாகச் சொன்னார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அப்படியானால் விரிவுரையும் இல்லை என்றார். அந்தப் பாடத்தைப் படிப்பிக்க வேறொருவரைத் தேடிக் களைத்த பிறகு அவர்கள் இறங்கிவந்தார்கள். 1917இல் பட்டம் பெற்றார்.

அந்த ஆண்டில்தான் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. ஊரெல்லாம் போர் பற்றிய பேச்சு. போர்வீரர்களில் நூற்றுக்கு 4 பேர் சாகும்போது, வீட்டில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 12 சாகிறது என்று அவர் ஒப்பிட்டுக் காட்டினார். பிரான்சின் பதுங்கு குழியில் இருப்பதை விட அமெரிக்காவில் தொட்டிலில் கிடப்பது ஆபத்து என்பதே அதன் பொருள். பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. குழந்தைகளுக்குப் பணமும் கவனமும் கிடைக்கப் போரின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்ததை நினைக்க எனக்குக் கசக்கிறது. பதுங்கு குழிக்குள்ளேயே பிள்ளை பெற்ற தாய்மாரை அறிந்தவள் நான். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு ஆபத்தும் ஒன்றாகவே வந்தன.

1918இல் டம்மனி ஹோலின் ஆட்கள் மீண்டும் நகர நிர்வாகத்தைப் பிடித்துத் திணைக்களத்தை உலுப்பினார்கள். அந்தப் புயலிலும் அவர் பதவியில் நின்றார். 1923இல் ஓய்வு பெற்றபோது அமெரிக்காவின் பெரிய நகரங்களுக்குள் குழந்தை இறப்பு வீதம் மிகக் குறைந்த நகரமாக நியூயோர்க் இருந்தது. அவருடைய வேலையால் ஏறத்தாழ 90,000 குழந்தைகள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். 1939இல் தன் வரலாற்றை எழுதினார். 1945 பெப்ரவரியில் நியூயோர்க்கில் இறந்தார். மேரி மலனின் பெயரை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த 90,000 பேரில் ஒருவருக்காவது தான் காப்பாற்றப்பட்டவர் என்று தெரிந்திருக்காது.

இலங்கையில் இந்த வழி 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவோடு வேர்விட்டது. ஒரு பகுதிக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுகள் என்ற அமைப்பு நாடு முழுவதும் பரந்தது. இன்று இந்த நாட்டில் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயதுக்கு முன் இறப்பது பத்துக்கும் குறைவு. போர் நடந்த காலத்திலும் எங்கள் பகுதிகளில் கிளினிக்குகள் மரத்தின் கீழும் கோயில் மண்டபத்திலும் நடந்தன. தராசை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு நிறை பார்த்திருக்கிறோம்.

ஆனால் நிகழாத சாவுக்குக் குரல் இல்லை. அதனால்தான் பணம் குறையும்போது இந்த வேலையில்தான் முதலில் கைவைக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் பிரிவு நெடுங்காலம் வெற்றிடமாகக் கிடந்தது. பக்கத்துப் பிரிவுப் பிள்ளை தன் வேலையோடு சேர்த்து இதையும் பார்த்தாள். ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம் இருந்து கதைக்க அவளுக்கு எங்கே நேரம்? வாசலில் நின்று கார்ட்டை நிரப்பிக்கொண்டு ஓடுவாள். அப்படி ஓடினால் அவளும் பதிவுக்கு வருகிற இன்னொரு ஆளாகத்தான் மக்களுக்குத் தெரிவாள்.

முகாமில் பெயர் சொல்ல மறுத்த அந்தத் தாயிடம் நான் நாலு நாள் போனேன். கொப்பியைக் கொண்டுபோகவில்லை. கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தலில் கொண்டுபோனேன், பிள்ளையை மடியில் வைத்திருந்தேன், அவ தன் மற்றப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. ஐந்தாம் நாள் அவ தானாகவே மடியில் இருந்த பிள்ளையின் பெயரைச் சொன்னா. கூடாரத்துக்குத் திரும்பி வந்துதான் கொப்பியில் எழுதினேன்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. தாள்கள் மஞ்சளாகிவிட்டன. அதில் ஏழாவதாக எழுதியது அந்தப் பெயர்தான். அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டாள். சந்தையில் தாயோடு கண்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் யாரென்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. உங்கள் வீட்டு வாசலுக்குப் பையோடு ஒரு மருத்துவமாது வந்தால் ஒரு கதிரை எடுத்துப் போடுங்கள். அவசரமாகப் போக வேண்டும் என்று சொன்னாலும் ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லுங்கள்.